கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் ஒரே மேளம்

233 வருஷம் ஜம்மென்று வாழ்ந்த பேரிங்ஸ் வங்கியை 1995இல் டச்சுக்கார ஐ.என்.ஜி. விலைக்கு வாங்கியது. விலை 1 பவுண்டு. அமெரிக்கா லூசியானாவை பிரான்சிடம் வாங்கியபோது அதற்குப் பணம் புரட்டிக் கொடுத்த பரம்பரை அது. சிங்கப்பூரில் உட்கார்ந்திருந்த நிக் லீசன் என்ற இளைஞர் 82.7 கோடி பவுண்டைச் சூதாடித் தொலைத்ததில் பரம்பரை முடிந்தது. நஷ்டத்தையெல்லாம் அவர் 88888 என்ற கணக்கில் கொட்டி மூடி வைத்திருந்தார். லண்டனுக்குப் போகும் அறிக்கைகளில் அந்தக் கணக்கு தலைகாட்டாதபடி மென்பொருளைத் திருத்திக் கொடுத்தவர், வெளியிலிருந்து வந்த ஒரு கம்ப்யூட்டர் ஆலோசகர். எடுத்துவிடு என்றார்கள், எடுத்துவிட்டார். எதற்கு என்று கேட்பது அவர் வேலையில்லை. எதற்கு என்று கேட்கிற கான்ட்ராக்டருக்கு ரெனிவல் கிடைத்ததாக வரலாறும் இல்லை.

அந்த 1 பவுண்டைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 2008இல் லண்டன் கேனரி வார்ஃப் வங்கிகளில் ஜாவா தெரிந்த ஒரு கான்ட்ராக்டருக்கு நாள்கூலி 400, 500 பவுண்டு. காலையில் வந்து, காபி குடித்து, இரண்டு மீட்டிங்கில் தலையாட்டி, சாயங்காலம் ஜூபிலி லைன் ரயிலைப் பிடிக்கிற மனிதர், கணக்குப்படி பார்த்தால், தினமும் 500 பேரிங்ஸ் வங்கி வாங்கலாம். வாங்க மாட்டார். அவருக்கு வங்கிகளைப் பற்றித் தெரியும்.

பிரிட்டனில் இந்தக் கான்ட்ராக்டர் ஒரு தனி ஜாதி. அவர் யாருக்கும் ஊழியர் இல்லை. ஒரு லிமிடெட் கம்பெனி. கம்பெனிக்கு ஒரு டைரக்டர், ஒரு தொழிலாளி, இரண்டும் அவரே. மனைவி கம்பெனி செகரட்டரி. வங்கி ஏஜென்சிக்குப் பணம் தரும், ஏஜென்சி தன் பங்கை வழித்துக்கொண்டு மிச்சத்தைக் கம்பெனிக்குத் தரும், கம்பெனி அவருக்குத் துளியூண்டு சம்பளமும் பெரிய டிவிடெண்டும் தரும். இந்த ஏற்பாட்டில் அரசுக்கு வந்து சேர வேண்டிய தேசியக் காப்பீட்டுத் தொகை எங்கேயோ வழி தவறிவிடும். வழி தவறியதைத் தேடிப் பிடிக்க 2000 ஏப்ரலில் ஐ.ஆர்.35 என்ற சட்டம் வந்தது. வரித்துறையின் 35ஆம் நம்பர் பத்திரிகைக் குறிப்பில் அறிவித்ததால் அந்தப் பெயர். பெயர் வைக்கக்கூட நேரமில்லாத அவசரம்.

சட்டம் கேட்டது இதுதான்: நீ நிஜமாகவே ஒரு கம்பெனியா, இல்லை கம்பெனி வேஷம் போட்ட குமாஸ்தாவா? கம்பெனி என்று நிரூபிக்கிற வழிகளில் ஒன்று, உனக்குப் பதிலாக வேறொரு ஆளை அனுப்பும் உரிமை உனக்கு உண்டா என்பது. உடனே லண்டனில் இருந்த அத்தனை ஒப்பந்தங்களிலும் பதிலாள் ஷரத்து முளைத்தது. அதாவது, திங்கள்கிழமை எனக்கு ஜுரம் என்றால் என் மச்சானை அனுப்புவேன், அவன் வந்து வங்கியின் வட்டிவிகித மென்பொருளைத் திருத்துவான், வங்கி அதற்குச் சம்மதிக்கிறது. வங்கியின் சட்டத்துறையும் கையெழுத்துப் போட்டது. கீழே வாசலில் நின்ற செக்யூரிட்டிக்கு மட்டும் இந்த விஷயத்தை யாரும் சொல்லவில்லை. சொன்னாலும் மச்சான் லிஃப்ட் வரைக்கும் போயிருக்க முடியாது.

இந்த ஜாதிக்கு ஒரு விசேஷ குணம், அது எண்ணிக்கையில் வராது. நிரந்தர ஊழியர்கள் ஹெட்கவுண்ட் என்ற ஒரு பட்டியலில் இருப்பார்கள். அதில் ஒருவரைச் சேர்க்க மாடி மாடியாகக் கையெழுத்து வேண்டும். அதில் ஆயிரம் பேரை எடுத்தால் பத்திரிகையில் தலைப்புச் செய்தி வரும், யூனியன் கொடி பிடிக்கும், நஷ்டஈடு தர வேண்டும். கான்ட்ராக்டர் அந்தப் பட்டியலிலேயே இல்லை. அவருக்கான பணம் ஏதோ ஒரு ப்ராஜெக்ட் பட்ஜெட்டில், லைசென்ஸ் செலவுக்கும் சர்வர் வாடகைக்கும் நடுவில், ஒரு வரியாகக் கிடக்கும். அவரை அனுப்பினாலும் செய்தியில்லை, திரும்பக் கூட்டி வந்தாலும் செய்தியில்லை. எனவே வங்கிக்குச் சளி பிடித்தால் முதலில் வெளியே போவது அவர்; வங்கி செத்தால் முதலில் உள்ளே வருவதும் அவர். கல்யாணத்துக்கு வாசித்த அதே மேளக்காரர்தான் கருமாதிக்கும் வாசிக்கிறார். இடைப்பட்ட நாளில் அவருக்குச் சோறு போடுவது யாருடைய பொறுப்பும் அல்ல.

2008 நிதி நெருக்கடியின் முதல் காட்சியே கம்ப்யூட்டர் காட்சி. 2007 செப்டம்பரில், நார்தர்ன் ராக் வங்கி இங்கிலாந்து வங்கியிடம் அவசரக் கடன் கேட்டிருக்கிறது என்று பி.பி.சி. சொன்ன மறுநாள் காலை, கிளை வாசல்களில் ஜனங்கள் வரிசை கட்டினார்கள். 1866க்குப் பிறகு பிரிட்டன் இப்படியொரு வரிசையைப் பார்த்ததில்லை. ஆங்கிலேயர்கள் அதையும் முட்டி மோதாமல், நாற்காலி கொண்டுவந்து போட்டுக்கொண்டு, ஒழுங்காகச் செய்தார்கள். வரிசையில் நிற்கப் பிடிக்காதவர்கள் இணையத்தில் பணத்தை எடுக்கப் பார்க்க, வெப்சைட் படுத்துக்கொண்டது. வங்கி திவாலாகும் தருவாயில் அதற்கு உடனடியாகத் தேவைப்பட்டது ஒரு நிதி நிபுணர் அல்ல, சர்வர் தெரிந்த ஆள்.

பிறகு 2008 செப்டம்பர் 15, திங்கள்கிழமை. அமெரிக்க முதலீட்டு வங்கி லேமன் பிரதர்ஸ் திவாலானது. கேனரி வார்ஃபில் 25, பேங்க் ஸ்ட்ரீட் கட்டடத்திலிருந்து அட்டைப்பெட்டியும் கையுமாக வெளியே வந்தவர்களை உலகமே படம் பிடித்தது. பெட்டிக்குள் கப், குடும்ப போட்டோ, ஒரு செடி. ஒரு ரகசியம் சொல்கிறேன். பெட்டி வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் நிரந்தர ஊழியர்கள். கான்ட்ராக்டருக்கு மேஜையில் செடி கிடையாது. அவருடைய உடைமை ஒரு முதுகுப்பை, அதற்குள் ஒரு டிபன் பாக்ஸ், கையெழுத்து வாங்காத ஒரு டைம்ஷீட். அந்தக் கையெழுத்துதான் அவருக்கு அன்று பெரிய துக்கம். மேனேஜர் தன் வீட்டுக்கடனை நினைத்து அழுதுகொண்டிருக்கும்போது, "சார், போன வாரத்துக்கு மட்டும் ஒரு சைன்..." என்று பேனாவை நீட்டுவது எப்படி? நீட்டித்தான் ஆக வேண்டும். மாசக் கடைசியில் பில் போட்டு, அதற்கும் ஒரு மாசம் கழித்துக் காசு வாங்குகிறவர், வங்கி விழுந்தால் கடன்காரர்கள் வரிசையில் கடைசிக்கு முந்தின ஆள். கடைசியில் நிற்பவர் பங்குதாரர். அவர் அங்கே நிற்பது வெறும் மரியாதைக்கு.

லேமனின் அமெரிக்கத் தொழிலை பார்க்ளேஸ் எடுத்துக்கொண்டது. ஐரோப்பியப் பங்குத் தொழிலையும் முதலீட்டு வங்கியையும் ஜப்பானின் நோமுரா வாங்கியது. என்ன விலைக்கு? 2 டாலர். அன்றைய மாற்று விகிதத்தில் 1 பவுண்டும் கொஞ்சம் சில்லறையும். பேரிங்ஸ் விற்று 13 வருஷம் ஆகிறது, உலகத்தில் எல்லாம் விலை ஏறிவிட்டது, வங்கி மட்டும் சில்லறைதான் ஏறியிருந்தது.

செத்த வங்கியின் பிரேதம் சும்மா இல்லை. திவால் நிர்வாகிகளாக வந்த பி.டபிள்யூ.சி. கணக்கர்கள் கதவைத் திறந்து பார்த்தால், யாருக்கு யார் எவ்வளவு தர வேண்டும் என்பது காகிதத்தில் இல்லை. எத்தனையோ கம்ப்யூட்டர்களில், ஒன்றுக்கொன்று பேசாத டேட்டாபேஸ்களில் கிடந்தது. எது எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள்தான் அட்டைப்பெட்டியோடு ரயில் ஏறிவிட்டார்களே. எனவே சில நூறு பேரை அங்கேயே நிறுத்தி வைத்துக்கொண்டு, மெஷின்களை ஓடவிட்டு, வருஷக்கணக்கில் சுடுகாட்டு வேலை நடந்தது. கடைசியில் அந்த லண்டன் லேமனின் கடன்காரர்களுக்கு முழுப் பணமும் அதற்கு மேல் வட்டியும் கிடைத்தது. உயிரோடு இருந்தபோது செய்ய முடியாததைச் செத்த பிறகு செய்து காட்டிய வங்கி. 25, பேங்க் ஸ்ட்ரீட்டுக்குப் பிற்பாடு ஜே.பி.மார்கன் குடிவந்தது. ஒரு லோகோ போய் இன்னொரு லோகோ. அந்தக் கட்டடமே ஒரு கான்ட்ராக்டர்தான்.

உயிரோடு தப்பிய வங்கிகள் சிக்கனம் பேச ஆரம்பித்தன. 2008 கடைசியிலும் 2009இலும் லண்டனில் வங்கி வங்கியாக ஒரே மாதிரி மின்னஞ்சல் வந்தது: எல்லாக் கான்ட்ராக்டர்களுக்கும் கூலி 10 சதவீதம் குறைப்பு. கூடவே, கிறிஸ்துமஸுக்கு இரண்டு மூன்று வாரம் கட்டாய விடுமுறை, கூலி இல்லாமல். கடிதத்தில் இதற்கு 'உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி' என்று தலைப்பு போடாத குறை. சேதி சொல்ல வந்த ஏஜென்ட்டோ, வங்கியின் பத்து சதவீதத்தில் தன் கமிஷனும் குறையுமே என்ற கவலையை மறைத்துக்கொண்டு, "மார்க்கெட் நிலவரம் அப்படி, மேட்" என்று தத்துவம் பேசினார்.

ஈஸ்ட்ஹாம் ஹை ஸ்ட்ரீட்டில் சனிக்கிழமை காபிக்குக் கூடிய நம்மவர்கள் மேஜையில் இந்த விஷயம் நடந்திருக்கக்கூடிய விதம்:

"அண்ணே, பத்து பர்சன்ட் குறைக்கிறாங்களாம். முடியாதுன்னு சொல்லிடலாமான்னு பாக்குறேன்."

"தாராளமா சொல்லு தம்பி. சொல்லிட்டு நூறு பர்சன்டா குறைச்சுக்க."

"நோட்டீஸ் நாலு வாரம் இருக்குல்ல, அண்ணே?"

"ஒப்பந்தத்துல இருக்கு. திங்கக்கிழமை காலைல பாஸை மெஷின்ல வச்சுப் பாரு. பச்சை எரிஞ்சா ஒப்பந்தம். சிவப்பு எரிஞ்சா அதுதான் நோட்டீஸ்."

அண்ணன் சொன்னது மிகையில்லை. கான்ட்ராக்டருக்கு வேலை போன சேதியை மேனேஜருக்கு முன்னால் சொல்கிற பெருமை பல இடங்களில் வாசல் மெஷினுக்குத்தான். தம்பி 10 சதவீதத்துக்குச் சம்மதித்திருப்பார். ஏறக்குறைய எல்லாரும் சம்மதித்தார்கள். நிஜமாகவே கெட்டிக்காரர்கள் சிலர் மட்டும் வெளியே போய், ஆறு மாசம் தோட்டத்தில் தக்காளி வளர்த்துவிட்டு, பழைய கூலியை விட அதிகத்துக்குத் திரும்பி வந்தார்கள். ஏனென்றால் அதற்குள் கருமாதி சீசன் களைகட்டிவிட்டது.

வங்கியைக் காப்பாற்றுவது என்றால் என்ன? ஒன்றோடு ஒன்றைச் சேர்ப்பது. சேர்த்தது பெரிதாகிவிட்டால் மறுபடி பிரிப்பது. எச்.பி.ஓ.எஸ். வங்கி மூழ்கப் போகிறது என்று 2008 செப்டம்பரில் லாயிட்ஸ் தலையில் கட்டினார்கள். தாலி கட்டிய மறுநிமிஷம் தெரிந்தது, இரண்டு வீட்டுக் கம்ப்யூட்டரும் வேறு வேறு என்று. சேர்க்க வருஷங்கள், கோடிகள், கான்ட்ராக்டர்கள். சேர்த்து முடிப்பதற்குள் ஐரோப்பிய ஆணையம் குறுக்கே வந்தது: அரசுப் பணத்தில் பிழைத்தாய், போட்டியைக் கெடுக்கிறாய், 632 கிளைகளைப் பிரித்து விற்றுவிடு. ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து என்ற ஆர்.பி.எஸ்.ஸுக்கும் அதே தீர்ப்பு, 300க்கு மேல் கிளைகள். ஒரே மனிதர் காலையில் சேர்க்கும் ப்ராஜெக்டிலும் மாலையில் பிரிக்கும் ப்ராஜெக்டிலும் டைம்ஷீட் போட முடிந்திருந்தால் போட்டிருப்பார்.

ஆர்.பி.எஸ்.ஸைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், அதற்கு அந்த மரியாதை உண்டு. 2008இல் அது காட்டிய நஷ்டம் 2,410 கோடி பவுண்டு. பிரிட்டிஷ் கம்பெனி வரலாற்றில் அதற்குமுன் அப்படியொரு சாதனை கிடையாது. அரசு அதில் கொட்டிய பணம் கடைசியில் 4,550 கோடி. அதற்குப் பிறகு 30,000க்கும் மேற்பட்ட வேலைகளை வெட்டி, செலவைச் சுருக்கி, ஒழுக்கமாக வாழ ஆரம்பித்த நேரத்தில், 2012 ஜூன் வந்தது. வங்கிகளில் ராத்திரி பேட்ச் என்று ஒன்று ஓடும். பகலில் நடந்த கொடுக்கல் வாங்கல் எல்லாவற்றையும் ஊர் தூங்கிய பிறகு வரிசையாகக் கணக்கில் ஏற்றும் வேலை. எந்த வேலைக்குப் பின் எந்த வேலை என்று சொல்கிற மென்பொருளை ஆர்.பி.எஸ். புதுப்பித்தது. சரிப்படவில்லை. பழையதற்கே திரும்பலாம் என்று புதியதை உருவினார்கள். உருவியதில் வரிசையே குழம்பிப்போனது. 65 லட்சம் வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். சம்பளம் வரவில்லை, வீட்டுக்கடன் போகவில்லை. ஜாமீன் தொகை போய்ச் சேராததால் ஒருவர் வார இறுதியைச் சிறையில் கழித்தார் என்று கூடச் செய்தி வந்தது. அயர்லாந்தில் அல்ஸ்டர் வங்கிக்காரர்களுக்கு ஜூலை வரை விடிவில்லை.

யார் உருவியது? சில பத்திரிகைகள் உடனே, இந்தியாவில் இருந்த ஆட்கள்தான் என்று ஹைதராபாத்தைக் கைகாட்டின. தூரத்தில் இருப்பவன் மேல் பழி போடுவதில் ஒரு வசதி, அவன் காபி நேரத்தில் எதிரில் வந்து நிற்க மாட்டான். வங்கியின் தலைமை நிர்வாகி ஸ்டீபன் ஹெஸ்டரே, கோளாறு எடின்பரோவில் நடந்தது, இந்தியாவில் இல்லை என்று மறுத்தார். அந்த வருஷ போனஸும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அபராதம் 2014இல் வந்தது, 5.6 கோடி பவுண்டு. அரசுக்குச் சொந்தமான வங்கி அரசுக்கே கட்டிய அபராதம். இதைப் படித்துவிட்டுச் சிரிக்காமல் இருக்கத் தனிப் பயிற்சி வேண்டும்.

விற்கச் சொன்ன அந்த 300 சொச்சம் கிளைகள்? 165 கோடி பவுண்டுக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று ஸ்பெயினின் சான்டாண்டர் 2010இல் வந்தது. கம்ப்யூட்டரைப் பிரித்துத் தர இத்தனை தாமதமா என்று 2012இல் எழுந்து போய்விட்டது. சரி, நாங்களே வில்லியம்ஸ் அண்ட் கிளின் என்ற பழைய பெயரைத் தூசு தட்டித் தனி வங்கியாக்கிக் காட்டுகிறோம் என்று கிளம்பிய ஆர்.பி.எஸ்., தனிக் கம்ப்யூட்டர் கட்ட ஆட்களை வாரிக் குவித்தது. 2016 ஆகஸ்டில் முடியவில்லை என்று கைவிட்டது. அதற்குள் 150 கோடிக்கு மேல் கரைந்திருந்தது. கடையை விற்க ஆன செலவில் கடையையே ஏறக்குறைய வாங்கியிருக்கலாம். இந்தியத் திருமணங்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும் என்று நினைக்கிறேன். நாட்டில் ஒரு புது வங்கி உருவாகவில்லை. ஆனால் எடின்பரோவிலும் லண்டனிலும் எத்தனையோ வீடுகளில் புதுச் சமையலறை உருவானது.

லாயிட்ஸ் பிரித்த கிளைகள் டி.எஸ்.பி. என்ற பெயரில் 2013இல் தனிக்குடித்தனம் போயின. வீடு தனி, கம்ப்யூட்டர் மட்டும் லாயிட்ஸுடையது, வாடகைக்கு. 2015இல் ஸ்பெயினின் சபடெல் 170 கோடி பவுண்டுக்கு டி.எஸ்.பி.யை வாங்கியபோது, தயவுசெய்து உன் கம்ப்யூட்டருக்கு மாறிக்கொள் என்று லாயிட்ஸ் 45 கோடி பவுண்டு சீதனமும் கொடுத்தது. 2018 ஏப்ரலில் ஒரு வார இறுதியில் 52 லட்சம் வாடிக்கையாளர்களின் கணக்குகள் இடம் மாறின. வெற்றி என்று சபடெல் அறிக்கை விட்டது. திங்கள்கிழமைக்குள் 19 லட்சம் பேர் தங்கள் கணக்குக்குள் நுழைய முடியவில்லை. நுழைந்தவர்களில் சிலருக்கு அடுத்த வீட்டுக்காரர் கணக்கு திறந்தது. இரண்டு டேட்டா சென்டர்களில் ஒன்றை மட்டும் சோதித்துப் பார்த்திருந்தார்கள் என்பது பிறகு நடந்த விசாரணையில் வந்தது. தலைமை நிர்வாகி பால் பெஸ்டர் செப்டம்பரில் போனார். ஐ.பி.எம்.மைக் கூப்பிட்டார்கள், ஆட்களைக் கூப்பிட்டார்கள், அந்த வருஷச் செலவு 33 கோடி. அபராதம் 4.865 கோடி, 2022இல்.

இவ்வளவு சம்பாதித்த ஜாதியை அரசு சும்மா விடுமா? நீ கம்பெனியா குமாஸ்தாவா என்பதை இனி நீ சொல்லாதே, உன்னை வைத்திருக்கிற வங்கி சொல்லட்டும், தப்பாகச் சொன்னால் வரி அவர்கள் தலையில் என்று ஐ.ஆர்.35ஐத் திருப்பிப் போட்டார்கள். 2020 ஏப்ரலில் வர வேண்டியது, கொரோனாவால் 2021க்குப் போனது. ஆபத்தை அளந்து கடன் கொடுப்பதில் உலகப் பிரசித்தி பெற்ற வங்கிகள் இந்த ஆபத்தை மட்டும் அளக்கவே மறுத்தன. 2019இலேயே பார்க்ளேஸும் எச்.எஸ்.பி.சி.யும் லாயிட்ஸும் லிமிடெட் கம்பெனி கான்ட்ராக்டர்களே வேண்டாம், சம்பளப் பட்டியலில் சேர் அல்லது போ என்றன. சப்-பிரைம் கடனை வாங்கியவர்கள் ஒரு ஜாவாக்காரருக்குப் பயந்தார்கள். மச்சானை அனுப்பும் உரிமையும் அதோடு போயிற்று.

2023 மார்ச்சில், விழுந்த சிலிக்கன் வேலி வங்கியின் பிரிட்டிஷ் துணை நிறுவனத்தை எச்.எஸ்.பி.சி. ஒரு வார இறுதியில் வாங்கியது. விலை 1 பவுண்டு. சில்லறையும் இறங்கிவிட்டது.

2025 ஜூலையில் இன்னொரு செய்தி. டி.எஸ்.பி.யை சபடெல் விற்க ஒப்புக்கொண்டது, 265 கோடி பவுண்டுக்கு. வாங்கச் சம்மதித்தது யார் தெரியுமா? கம்ப்யூட்டர் பிரிக்கத் தாமதம் என்று 2012இல் எழுந்து போன அதே சான்டாண்டர். லாயிட்ஸ் மெஷினிலிருந்து சபடெல் மெஷினுக்குப் போன கணக்குகள் இன்னொரு முறை மூட்டை கட்டியாக வேண்டும். லண்டனில் வங்கி மைக்ரேஷன் தெரிந்த சொந்தக்காரர் யாராவது சும்மா இருந்தால், ரெஸ்யூமை எடுத்துத் தயாராக வைக்கச் சொல்லுங்கள். டி.எஸ்.பி.யில் கணக்கு வைத்திருக்கும் சொந்தக்காரர் இருந்தால், ஒரு வாரச் செலவுக்கு ரொக்கம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.